ஜே, கே, பி, ஓ, செமிகோலன்: அச்சேறிய தமிழ் கணினியில் காணாமல் போன கதை

சென்ற ஆண்டு மூத்த எழுத்தாளர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு அதில் இருந்தது. பதிப்பகத்தை மூடிப் பல வருடமாகிறது, புத்தகமும் எங்கும் கிடைப்பதில்லை. அதைக் கணினியில் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுத்த டிடிபி கடைக்காரர் மட்டும் கோப்பைக் குறுந்தகட்டில் போட்டு வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட கடைக்காரர்கள் அபூர்வம்.

“எல்லாம் சாஃப்ட் காப்பியாவே இருக்கு தம்பி. மின்னூலா மாத்தறது அரை மணி நேர வேலைதானே?”

திறந்து பார்த்தோம். தமிழைக் காணோம். சின்ன ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு செமிகோலன். அடுத்த வரியும் அப்படித்தான், அடுத்த பக்கமும் அப்படித்தான். வைரஸ் ஏதோ தின்றுவிட்டது என்றே அவர் நினைத்தார். முகம் வாடிவிட்டது. எனக்கோ பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. நானும் ஒரு காலத்தில் திருவல்லிக்கேணிக் கடையொன்றில் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று அடித்துக்கொண்டிருந்தவன்தான். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றால் ‘தமிழ்’. டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன் என்றால் ‘வணக்கம்’. பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இது இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கும்.

கோப்பு கெடவில்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு காபி நேரம் பிடித்தது. அந்தக் கோப்பில் தமிழ் எப்போதுமே இருந்ததில்லை என்று புரியவைக்க இன்னொரு காபி.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். விசைப்பலகையில் ஜே-யைத் தட்டினால் 106 என்ற எண் சேமிப்பாகிறது. கே என்றால் 107, பி 112, ஓ 111, செமிகோலன் 59. அந்த எண்ணுக்குத் திரையில் என்ன படம் காட்டுவது என்று முடிவுசெய்வது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். பாமினியைச் செய்தவர்கள் 106க்கு நேரே ஆங்கில ஜே-யின் படத்தை எடுத்துவிட்டு ‘த’ படத்தை வைத்தார்கள். 107க்கு ‘ம’. கணினியைப் பொறுத்தவரை நாம் அடித்தது ஆங்கிலம்தான், வேஷம் மட்டும் தமிழ். எழுத்துருவைக் கழற்றினால் வேஷம் கலைந்துவிடும். எழுத்தாளர் கொண்டுவந்த பென் டிரைவில் கோப்பு இருந்தது, எழுத்துரு இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் யாருக்கும் இது உறுத்தவில்லையா? அச்சு வேலையில் உறுத்துவதற்கு அவசியமே வரவில்லை. பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை ஆல்டஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்தது. 1994இல் அது அடோபி கைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் சந்துக்குச் சந்து டிடிபி சென்டர் முளைத்ததற்கு இந்த ஒரு மென்பொருளும் லேசர் பிரிண்டரும்தான் மூலதனம். எழுத்தாளர் கையெழுத்துப் பிரதி கொடுப்பார். ஆபரேட்டர் ‘மேட்டர்’ அடிப்பார். ப்ரூஃப் போகும், திருத்தம் வரும். கடைசியில் டிரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து, பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரமாக ஒட்டி, பிளேட் போட்டு ஆஃப்செட்டில் ஏற்றுவார்கள். கடைசி நேரத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் அந்த ஒரு வரியை மட்டும் தனியாகப் பிரிண்ட் எடுத்து, பிளேடால் நறுக்கி, டிரேசிங் தாளில் அந்த இடத்தின்மேல் ஒட்டுவோம். முழுப் பக்கத்தையும் மறுபடி எடுத்தால் தாள் காசு யார் கொடுப்பது? இந்த ஒட்டு வேலையை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

காகிதத்தில் மை சரியாக விழுந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. உள்ளே 106 இருந்தால் என்ன, 2980 இருந்தால் என்ன, அச்சான ‘த’ ‘த’தான். ஆகவே ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் தனக்குத் தோன்றிய எழுத்தை வைத்தது. ஸ்ரீலிபி ஒரு கணக்கு, இளங்கோ ஒரு கணக்கு, வானவில் அவ்வையார் ஒரு கணக்கு, பாமினி ஒரு கணக்கு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கிறுக்கல். வாடிக்கையாளர் கடை மாறிப் போகாமலிருக்க அது வசதியாகவும் இருந்தது என்பதை உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். பதிப்பாளர்களும் கோப்பைக் கேட்டு வாங்கியதில்லை. டிரேசிங் தாள் கைக்கு வந்தால் கணக்குத் தீர்ந்தது. கடையில் ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழையதை அழித்துவிடுவோம்.

இப்படி ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்கள் கணினியில் உருவாயின. கணினி படிக்கக்கூடியதாக அவற்றில் மிகச் சிலவே உருவாயின.

உறுத்தல் முதலில் வந்தது அச்சகமே இல்லாதவர்களுக்கு. சுவிட்சர்லாந்திலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த தமிழர்கள் தொண்ணூறுகளில் மின்னஞ்சலில் தமிழில் பேச ஆசைப்பட்டார்கள். அங்கே காகிதம் கிடையாது, கோப்புதான் போகும். அனுப்புகிறவரிடம் இருக்கும் எழுத்துரு வாங்குகிறவரிடம் இல்லாவிட்டால் ஜேயும் கேயும்தான் போய்ச் சேரும். ‘எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எல்லோரும் ஒரே பட்டியலை வைத்துக்கொள்வோம்’ என்ற யோசனை அவர்களிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் திஸ்கி என்ற குறியேற்றம். 256 இடங்களில் முதல் 128ஐ ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மீதியில் தமிழை அடுக்கினார்கள். இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே கோப்பில் சண்டையில்லாமல் இருக்க முடிந்தது.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் திருக்குறளில் தொடங்கி இலக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து திஸ்கியில் இலவசமாகக் கொடுத்தார்கள். பின்னாளில் எல்லாவற்றையும் உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றவும் அவர்களால் முடிந்தது, ஏனென்றால் உள்ளே இருந்த எண்கள் ஒழுங்காக இருந்தன. அதே ஆண்டு சென்னையில் பளபளப்பான அட்டையுடன் வந்த எத்தனையோ புத்தகங்களின் கோப்புகள் இன்று எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சம்பளம் வாங்கி அடித்த நாங்கள் தொலைத்ததைச் சம்பளம் வாங்காதவர்கள் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் என் பழைய சகாக்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் அதுதான் நடந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாக டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. குறியேற்றங்கள் இரண்டும் நீடிக்கவில்லை. விசைப்பலகை நீடித்தது, அதற்குக் காரணம் அதன் அறிவு. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானாகப் புள்ளி விழுந்து ‘க்க’ ஆகிவிடும். தமிழில் ஒரே மெய் இரட்டிப்பது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. தட்டச்சுப் பொறி விசையமைப்பில் ஊறிய நான் இதற்கு மாற ஒரு மாதம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் விரல் வலிக்கிறது.

யூனிகோடு அதற்கெல்லாம் முன்பே, 1991இல், வந்துவிட்டது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் காகிதத்தில் இருந்த ஒதுக்கீடு சாதாரண மனிதரின் கணினிக்கு வர விண்டோஸ் 2000உம் அதனுடன் வந்த லதா எழுத்துருவும் தேவைப்பட்டன. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்கள். இந்த எண்களுக்கு உலகத்தில் வேறு பொருள் கிடையாது. ஜப்பானில் வாங்கிய ஃபோனிலும் அது தமிழ்தான்.

அச்சுக்காரர்களைக் குழப்பிய இடம் வேறு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு துணைக்கால். பாமினியில் அந்த வரிசையில்தான் மூன்று விசை தட்டுவோம், கோப்பிலும் அப்படியே கிடக்கும். யூனிகோடு காது கேட்கும் வரிசையில் வைக்கிறது. முதலில் ‘க’, அதன் பின்னால் ஒகரக் குறி. கொம்பை இந்தப் பக்கமும் காலை அந்தப் பக்கமும் நிறுத்துவது எழுத்துருவின் பொறுப்பு. படம் வரைவதற்கும் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் கட்சி. அகரவரிசைப்படுத்த, தேட, வாசித்துக் காட்ட கணினிக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுத்திருக்க வேண்டும், 128 இடம் நமக்குச் செய்த அநீதி என்று ஒரு நீண்ட விவாதம் நடந்தது. அந்தக் கட்சியின் விளைவாக டேஸ்16 என்ற குறியேற்றம் உருவானது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நாள்களில், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் சேர்த்தே தரமாக அறிவித்தது. விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் இணையத்தில் சண்டை பிடிக்கலாம். ஃபோனில் எது வந்ததோ அது ஜெயித்தது, அவ்வளவுதான்.

இனி அந்தச் சிறுகதைத் தொகுப்புக்கு வருவோம்.

மாற்றி என்று ஒரு கருவி இருக்கிறது. பாமினி எண்ணைக் கொடுத்தால் யூனிகோடு எண்ணைத் தரும், கொம்புகளை இடம் மாற்றிக்கொள்ளும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவற்றால் பிழைத்த பதிப்பகங்கள் உண்டு. கோப்பை அதில் ஊற்றினேன். மூன்று விநாடியில் தமிழ் வந்துவிட்டது. எழுத்தாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்றேன்.

முதல் கதையில் ஒரு ஆங்கில மருத்துவர் வருகிறார். அவர் பேசுகிற இடத்தில் ‘வாந’ என்றொரு சொல். இரண்டு வரி தள்ளி ‘வாயவ’. என்ன பாஷை இது என்று எழுத்தாளர் விழித்தார். மூலத்தில் அந்த இடங்களில் ஆங்கில எழுத்துருவில் நிஜமான ஆங்கிலம் இருந்தது. மாற்றிக்கு அது எப்படித் தெரியும்? அதன் கண்ணுக்கு எல்லாம் ஒரே எண்கள். பாமினியில் ஆங்கில டி ‘வ’, ஹெச் துணைக்கால், இ ‘ந’. மருத்துவர் சொன்ன ‘தி’ என்ற ஆங்கிலச் சொல் ‘வாந’ ஆயிற்று, ‘தட்’ என்பது ‘வாயவ’ ஆயிற்று. இப்படி ஒவ்வொன்றையும் கண்ணால் தேடித் திருப்ப வேண்டும்.

அடுத்தது இன்னும் நயவஞ்சகமான பிழை. ‘அவர்கள்’, ‘அவா்கள்’ என்ற இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ரகரமும் புள்ளியும், எண் 2992, 3021. இரண்டாவதில் இருப்பது துணைக்காலும் புள்ளியும், எண் 3006, 3021. பழைய அச்சில் ‘ர்’ என்பதற்குக் கீழே கால் இழுக்காமல், துணைக்காலின் தலையில் புள்ளி வைத்தே வேலை முடிப்பார்கள். தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கும் அதுவே வழக்கம். காகிதத்தில் எந்தக் குற்றமும் இல்லை. கணினியில் ‘அவர்கள்’ என்று தேடினால் ‘அவா்கள்’ அகப்படாது. செய்தித் தளங்களில்கூட இன்றைக்கும் இந்தத் துணைக்கால் புள்ளியைப் பார்க்கிறேன். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று அடிப்பது இதன் உடன்பிறப்பு. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானில் போட்டுக் கேட்டால் அது பாட்டியின் பெயரை ‘ஒ-ள-வையார்’ என்று வாசிக்கும். அவருக்கு எங்கள் அச்சழகால் ஒரு பயனும் இல்லை, எண் சரியாக இருந்தால்தான் புத்தகமே இருக்கிறது. பாமினி கோப்பு என்றால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூவும்.

எழுத்துகளைச் சரிசெய்து முடித்தால் பத்திகள். வேர்டில் பத்திக்குறியைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு, கண்ணாடியில் தெரியும் ஆங்கில ‘பி’ மாதிரி இருக்கும். அதை அழுத்தினேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பத்திக்குறி நின்றது. ஆபரேட்டர் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டியிருக்கிறார், தட்டச்சுப் பொறியில் வண்டியைத் தள்ளுவதுபோல. தலைப்பை நடுவில் கொண்டுவர இருபத்து மூன்று இடைவெளி. அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க என்டர் என்டராக ஒரு வரிசை. காகித அளவு மாறாதவரை இது ஓடும். ஃபோனில் திறந்தால் அரை வரிக்கு ஒரு வரி உடைந்து, உரைநடை புதுக்கவிதையாகிவிடும்.

இங்கேதான் பிடிஎஃப் என்ற மாயக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிடிஎஃப் தன்னோடு எழுத்துருவையும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் பாமினியோ இளங்கோவோ, எந்தக் கணினியில் திறந்தாலும் அழகாகத் தமிழ் தெரியும். இருபது வருடம் நாம் ஏமாந்தது இதில்தான். ‘மின்னூல் போட்டுவிட்டோம்’ என்று பதிப்பாளர்கள் நம்பியது அச்சுக்குப் போன பக்கத்தின் புகைப்படத்தை. அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜேயும் கேயும் திரும்பி வரும். யூனிகோடில் அடித்த பிடிஎஃபிலும் பல நேரம் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறித்தான் வெளியே வரும். ஃபோனில் படிப்பவர் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஈபப் என்ற வடிவம் 2007இல் முறையான தரமாயிற்று. அதன் இரகசியம் மிக எளிது. இணையப் பக்கங்களைச் செய்யும் அதே எச்டிஎம்எல் கோப்புகளை ஒரு ஜிப் பொட்டலமாகக் கட்டிவைத்தால் ஈபப். கோப்பின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றி அவிழ்த்துப் பார்க்கலாம், அத்தியாயங்கள் வரிசையாகக் கிடக்கும். அதற்குள் ‘இது தலைப்பு, இது பத்தி, இது கவிதை வரி’ என்ற அடையாளம் மட்டும்தான் உண்டு. எத்தனை அகலத்தில், எந்த அளவு எழுத்தில் என்பதைப் படிக்கிறவரின் கருவி தீர்மானித்துக்கொள்ளும். இந்த அடையாளம் எங்கிருந்து வரும்? வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ ‘ஸ்டைல்’ என்ற பட்டியலில் ‘ஹெடிங் 1’ என்பதைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி நடுவில் நிறுத்தினால் மனிதக் கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு வெறும் தடித்த வரி. ஸ்டைல் கொடுத்திருந்தால் பொருளடக்கம் தானாக விழும்.

அடிப்படைக் கணினித் திறன் என்று நம் ஊரில் சொல்லிக்கொடுப்பதில் இந்த ஸ்டைல் சமாசாரம் எங்கே வருகிறது என்று தேடிப் பார்க்கிறேன். அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுடன் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் கேட்கிறார்கள். 2011இலிருந்து மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் வகுப்புகளில் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். திரையில் தெரிவதும் கோப்பில் இருப்பதும் வேறு வேறு என்ற ஒன்றைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல அரை மணி போதும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோடு, ஜே கே என்று கலைந்தால் வேஷம். பிறகு பத்திக்குறிப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். இந்த இரண்டு சோதனையும் தெரிந்த ஒரு ஆபரேட்டர், பத்து வருட அனுபவம் உள்ளவரைவிட எனக்கு மேல்.

ஃபோன் தலைமுறை வேறு மாதிரி. அவர்களுக்குக் குறியேற்றச் சிக்கலே தெரியாது, பிறந்ததிலிருந்து யூனிகோடுதான். செல்லினம் என்ற செயலி 2005இலேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. 2013இல் ஐஃபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. இப்போது பேசினாலே தட்டச்சாகிறது. வாட்ஸ்ஆப்பில் நாவல் எழுதி அனுப்புகிறவர்களின் கோப்பு எனக்கு வருகிறது. ‘ர்’ எல்லாம் சரியான ‘ர்’. ஆனால் நாற்பது பக்கத்துக்கு ஒரே பத்தி, முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி, அத்தியாயப் பிரிவுக்கு ஒரு ரோஜாப்பூ எமோஜி. பாமினிப் பிழையைக் கருவி திருத்தும், ரோஜாப்பூவை நான்தான் திருத்த வேண்டும்.

இவர்கள் எல்லோருக்கும் கடைத்தெரு திறந்தது சமீபத்தில்தான். 2013இல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்கள் கொடுத்ததை ஈபப் உள்ளிட்ட வடிவங்களில் இலவசமாக வெளியிடத் தொடங்கியது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. பதிப்பாளரே இல்லாமல் எழுத்தாளர் நேரே கோப்பை ஏற்றலாம் என்ற நிலை வந்தபோது, நாற்பது வருடம் எழுதியவர்கள் பலர் பழைய புத்தகங்களைத் தேடினார்கள். அவர்களிடம் இருந்தது ஒன்று பிடிஎஃப், அல்லது ஜே கே பி ஓ, அல்லது ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லாதவர்களுக்கு வருடி, அதாவது ஸ்கேனர், ஒன்றே வழி. 1981 மே 31 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்தச் சாம்பலை மறக்காத ஒரு கூட்டம் 2005இல் நூலகம் என்ற இணையத் தளத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் பக்கம் பக்கமாக வருடிப் போட்டுவருகிறது. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வந்தன. வருடிய பக்கம் படம்தான், அதில் தேட முடியாது. எழுத்துணரி கொண்டு படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து, தன்னார்வலர்கள் பக்கத்தின் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். கூகுளின் எழுத்துணரி தமிழுக்கு வந்தபின் வேலை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அதற்குத் தொல்லைதான். துதிக்கை தூக்கிய பழைய ‘ணை’யையும் ‘லை’யையும், வளைந்து சுழித்த ‘றா’வையும் ‘னா’வையும் அது தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றாக்கிவிடும். தாத்தா படித்த புத்தகத்தைப் பேரன் திருத்த வேண்டியிருக்கிறது, பேரனுக்கு அந்த எழுத்தே தெரியாது.

சிறுகதைத் தொகுப்பு மூன்று வாரத்தில் முடிந்தது. அரை மணி வேலை என்று சொன்னவருக்கு ஈபப் கோப்பை ஃபோனில் ஏற்றிக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கண்ணாடி இல்லாமல் படித்துப் போனவர் மறுநாள் காலை கூப்பிட்டார்.

“தம்பி, ஏழாவது கதையோட கடைசி வரி இது இல்லையே. புத்தகத்துல வேற மாதிரி முடியும். ப்ரூஃப்ல நான் மாத்தினேன், நல்லா ஞாபகம் இருக்கு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைசித் திருத்தம் கோப்புக்கு வரவே இல்லை. யாரோ என்னைப்போல ஒருவன் பிளேடும் கோந்துமாக உட்கார்ந்து, அந்த ஒரு வரியை டிரேசிங் தாளில் ஒட்டியிருக்கிறான். அவரிடம் புத்தகம் இல்லை, வெள்ளத்தில் போயிருந்தது. அந்த வரி எப்படி இருந்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாற்றியது மட்டும்தான் ஞாபகம். முகநூலில் கேட்டுப் பார்த்தோம். பதினோரு நாள் கழித்து, காரைக்குடிப் பக்கம் ஒரு வாசகி தன் அலமாரியிலிருந்து எடுத்து ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். பக்கத்தின் அடியில் மற்ற வரிகளோடு சேராமல், வலப்பக்கம் ஒரு மயிரிழை மேலே தூக்கியபடி, கொஞ்சம் கறுத்து நின்றது அந்த வரி.